மொட்டைத்தலையும் முழங்காலும் எதிரில் உட்கார்ந்திருந்த நாள்

நம் பழமொழிகளில் உடம்பில் குறையில்லாத மனிதர் ஒருவரைக்கூட நான் இதுவரை சந்தித்ததில்லை. யோசித்துப் பாருங்கள். ஒருவருக்குக் கண் தெரியாது, ஒருவருக்குக் காது கேட்காது, ஒருவருக்குக் கால் சரியில்லை, ஒருவருக்குத் தலையில் முடியில்லை. இவர்களை விட்டால் நாய், கழுதை, நரி, காக்கை. அவற்றையும் விட்டால் மாமியார். நம் முன்னோர் தங்கள் அனுபவ அறிவு அத்தனையையும் இவர்கள் தலையில்தான் ஏற்றி வைத்திருக்கிறார்கள். அந்த அறிவில் நான் ஒரு குற்றமும் சொல்ல மாட்டேன். ஆனால் அதை நாலு பேர் முன்னால் எடுத்துவிடும்போது எதிரில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒரு தடவை பார்த்துக்கொள்வது நல்லது.

நான் பார்த்துக்கொள்ளவில்லை. அது எழுபதுகளின் தொடக்கம். என் அக்காவின் கல்யாணப் பேச்சு.

முதலில் என் பெருமையைக் கொஞ்சம் சொல்லிக்கொள்கிறேன். (இந்தக் கட்டுரையில் எனக்குக் கிடைக்கிற ஒரே இடம் இதுதான்.) பழவேற்காடு ஏரிக்கரையில் எங்கள் குப்பம். நைனா ஏரியில் வலை போடுகிறவர். மீனைக் கலைக்காமல் தண்ணீரில் நின்று நின்று, கரைக்கு வந்த பிறகும் அவர் பேசுவதில்லை. "ம்" என்றால் சரி, "ம்ஹூம்" என்றால் வேண்டாம். இந்த இரண்டு சொல்லில் ஒரு குடும்பத்தையே நடத்தியவர். அவருக்குப் பிறந்த நான் பொன்னேரி உயர்நிலைப் பள்ளியில் பேச்சுப் போட்டியில் முதல் பரிசு வாங்கினேன். பரிசாகக் கொடுத்தது ஒரு தடித்த பழமொழித் தொகுப்பு. 'அ'வில் ஆரம்பித்துக் கடைசி எழுத்துவரை உருப்போட்டேன். அந்த வருஷம் கணக்குப் பாடத்தில் நான் வாங்கிய மதிப்பெண்ணுக்குப் பொருத்தமாகவும் அதில் ஒரு பழமொழி இருந்தது.

அன்றிலிருந்து எங்கள் குப்பத்தில் எது நடந்தாலும் நான் ஒன்று சொல்லுவேன். வலை அறுந்தால் ஒன்று, படகு ஒழுகினால் ஒன்று, பக்கத்து வீட்டில் சண்டை என்றால் இரு தரப்புக்கும் ஆளுக்கொன்று. சாவு வீட்டில்கூட ஒன்று சொல்லியிருக்கிறேன். (அன்று நான் அடி வாங்காததற்குக் காரணம், எல்லோருடைய கையும் மார்பில் அடித்துக்கொள்வதில் இருந்தது.) பேசாத நைனா என்னைப் பற்றி மட்டும் பேசுவார். கரைக்கு வருகிற வியாபாரிகளை நிறுத்தி, "நம்ம புள்ள ஏகாம்பரம். இன்னா வேணா கேளு, பழமொழி சொல்லும்" என்பார். நானும் கையைக் கட்டிக்கொண்டு கோயில் யானை மாதிரி நிற்பேன்.

என் அக்கா பாக்கியத்துக்கும் வாய் உண்டு. அவள் எறா (இறால்) வியாபாரம் செய்தாள். விடிந்ததும் கூடையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் பொன்னேரி, அங்கிருந்து ரயிலில் மீஞ்சூர் மார்க்கெட். எடை போடுகிறவர் தராசில் விரலை வைத்தால், "விரல எறாவோட சேத்து விக்கறதில்லண்ணே, எடுத்துக்கோ" என்று சிரித்துக்கொண்டே சொல்லுவாள். அவளிடம் பழமொழி கிடையாது. மனசில் பட்டதை நேராகச் சொல்லுவாள். இதனால் இரண்டு சம்பந்தம் தட்டிப்போயிருந்தது. "பொண்ணுக்கு வாய் ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அதே வாய் எனக்கு இருந்தால் அறிவு, அவளுக்கு இருந்தால் அடங்காமை. இதற்குத்தான் அந்தப் புத்தகத்தில் நான் தேடியவரை ஒரு பழமொழியும் கிடைக்கவில்லை.

மூன்றாவதாக வந்தவர் ஜெயபால். கும்மிடிப்பூண்டி போகிற நெடுஞ்சாலையோரம் புதிதாக எழும்பிய ஒரு கம்பெனியில் பிட்டர் வேலை. எங்கள் மாதிரி ஏரிக்கரைக்காரர்கள்தான்; அவருடைய அப்பா காலத்தில் புதுவாயலுக்குக் குடிபோய்விட்டார்கள். தன் அம்மாவை மட்டும் கூட்டிக்கொண்டு பெண் பார்க்க வந்த இடத்தில் அவர் பெரியவர்களை விட்டுவிட்டு நேராக அக்காவைப் பார்த்தே கேட்டார்: "இன்னாம்மா, உனக்குப் புடிச்சிக்கீதா?"

"புடிச்சிக்கீது. உனுக்கு?" என்றாள் அக்கா.

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். ஜெயபால் சிரித்துவிட்டார். அன்று சாயங்காலம் அக்கா வலைப்பின்னலைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கண்ணியும் போடாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். அவளை அப்படி நான் பார்த்ததே இல்லை. இந்த இடம் கைவிட்டுப் போகக் கூடாது என்று எங்கள் எல்லோருக்கும் புரிந்தது.

கல்யாணத் தேதி பேசி முடிக்க நாங்கள் புதுவாயல் போக வேண்டும். கிளம்பும்போது அம்மா நைனாவிடம், "நீ போயி ம்முன்னு ஒக்காந்துகினு இருக்காத. ஏகா பேசட்டும். படிச்ச புள்ள" என்றாள். நைனா "ம்" என்றார். அக்கா மட்டும் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "பாத்துப் பேசுடா" என்றாள். நான் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

ஜெயபாலின் வீடு ரோட்டை ஒட்டியே இருந்தது. வீட்டு முகப்பில் இரண்டு கடைகள். ஒன்று அவருடைய அப்பா முனிரத்தினத்தின் சைக்கிள் கடை. மற்றது சித்தப்பா கன்னியப்பனின் தையல் கடை. இரண்டு கடைக்கும் நடுவில் ஒரு பெஞ்சு. அந்தப் பெஞ்சு யாருடையது என்பதில் அண்ணன் தம்பிக்குள் சண்டை வந்து பல வருஷமாகப் பேச்சு கிடையாது. இது எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. உள்ளே போய் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. இருவரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் பேச்சு முழுவதும் ஜெயபாலின் அம்மா செல்லம்மா வழியாகவே போய் வந்தது.

"காப்பி குடிக்கச் சொல்லு உன் கொழுந்தன" என்பார் அண்ணன்.

"குடிச்சாச்சின்னு சொல்லு அண்ணி அவருகிட்ட" என்பார் தம்பி.

இருவருக்கும் இடையே ஒரு முழம்தான் இருக்கும். அந்தம்மா பாவம், தபால்காரர் மாதிரி இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிக் கழுத்து சுளுக்கிக்கொண்டு நின்றிருந்தார்.

தேதிப் பேச்சு ஆரம்பித்தது. முனிரத்தினம் சொன்னார்: "இந்தத் தை வேணாம் தம்பி. மழையில கடை கூரை போய்டுச்சி. அத்த மாத்திக்கினு ஆவணியில பாக்கலாம்."

ஆவணி என்றால் எவ்வளவோ தள்ளி. அதற்குள் யாராவது ஏதாவது சொல்லி, இந்தச் சம்பந்தமும் கலைந்துவிட்டால்? நைனா என்னைப் பார்த்தார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அற்பக் காரணம் ஒன்றைச் சொல்லிக் காரியத்தைத் தள்ளிப்போடுவதைப் பற்றி அருமையான பழமொழி ஒன்று உண்டு. அதில் ஒரு குதிரை வரும். குதிரைக்குக் கால் சரியிருக்காது. கூரைக்கும் அதற்கும் அப்படிப் பொருந்தியது. பேச்சுப் போட்டி மேடையில் சொல்வது போல ஏற்ற இறக்கத்தோடு சொன்னேன்.

யாரும் சிரிக்கவில்லை. ஜெயபால் மட்டும் குனிந்துகொண்டார். அப்போதுதான் முனிரத்தினம் பக்கத்துச் சுவரில் சாத்தியிருந்த கைத்தடி என் கண்ணில் பட்டது. சின்ன வயதில் படகிலிருந்து விழுந்து அவருடைய வலது முழங்கால் மடங்காமல் போயிருந்தது. நாங்கள் வந்தபோது அவர் உட்கார்ந்தே இருந்ததால் எனக்குத் தெரியவில்லை.

"குதிரயச் சொல்லுது புள்ள" என்றார் செல்லம்மா அவசரமாக. "குதிரய. வேற ஒண்ணுமில்ல."

அண்ணனுக்கு விழுந்த அடியில் தம்பிக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. கன்னியப்பன் தொடையைத் தட்டினார். "பையன் நல்லா பேசறான் அண்ணி! தையிலயே வெச்சிக்கலாம்னு சொல்லு அவருகிட்ட. ஆனா ஒண்ணு. மொதல்ல அந்தப் பெஞ்சி பஞ்சாயத்து முடியணும். அப்பால தான் கல்யாணம்."

"கல்யாணத்துக்கும் பெஞ்சிக்கும் இன்னா சம்பந்தம்னு கேளு!" என்று கத்தினார் அண்ணன்.

சம்பந்தமில்லாத இரண்டைச் சேர்த்துப் பேசுகிறவரை மடக்க ஒரு பழமொழி இருக்கிறது. சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அண்ணனுக்கு ஆதரவாக இதைச் சொன்னால் அந்தக் குதிரைக்கும் பரிகாரமாகிவிடும் என்று என் மூளை கணக்குப் போட்டது. (கணக்கில் என் மதிப்பெண்ணைத்தான் முன்பே குறிப்பிட்டேனே.) வாயைத் திறந்தேன். அதே நொடியில் கன்னியப்பன் வேர்வை தாங்காமல் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார்.

உள்ளே ஒரு முடிகூட இல்லை. பக்கத்துக் கண்ணாடி ஜன்னல் அதில் தெரிந்தது.

முதல் சொல் அதற்குள் வெளியே போய்விட்டது. நிறுத்தியிருக்கலாமே என்று கேட்பீர்கள். பழமொழியைப் பாதியில் நிறுத்திப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது தும்மலை அடக்குவது போல. மீதியையாவது சொல்லி முடித்துவிடலாம் என்று தொடர்ந்தேன். மீதியில் முழங்கால் இருந்தது.

ஆக, ஒரே மூச்சில் தம்பியின் தலையும் அண்ணனின் காலும். மற்றவர்கள் இதைச் செய்ய இரண்டு பழமொழி செலவழித்திருப்பார்கள்.

லாரி ஒன்று ரோட்டில் போகிற சத்தம் கேட்டது. பிறகு கன்னியப்பன் மெதுவாகத் திரும்பினார். செல்லம்மாவை நோக்கி அல்ல.

"அண்ணே, இவன் இன்னா சொன்னான் கேட்டியா?"

"கேட்டேன்டா கன்னியப்பா. உன் தலையச் சொல்றான்."

"உன் முட்டியச் சொல்றான்ணே!"

"நம்ம ஊட்டுக்கு வந்து, நம்ம காப்பியக் குடிச்சிட்டு, நம்மள!"

செல்லம்மாவின் கையிலிருந்த டம்ளர் நழுவி விழுந்து உருண்டது. கை தவறிப் பொருள் விழும்போது சொல்வதற்கென்றே ஒரு பழமொழி உண்டு. அதில் மாமியார் வருவார். என் அக்காவுக்கு மாமியாராகப் போகிறவர் எதிரில் நின்றிருந்தார். அதையும் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வாய் தானாக ஓடிக்கொண்டிருந்தது. நான் அதன் பின்னால் ஓடிக்கொண்டிருந்தேன்.

"எழுந்திருடா!" என்றார்கள் அண்ணனும் தம்பியும் ஒரே குரலில். ஜெயபால் முகத்தைத் துண்டில் புதைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. மனுஷன் அழுகிறார் என்று நினைத்தேன். நைனா எழுந்து கைகூப்பினார். நான் அவருக்குப் பின்னால் வெளியே வந்தேன். வாசலில் சைக்கிள் கடை நாய் உறுமியது. நாயைப் பார்த்ததும் நாலைந்து பழமொழி வரிசையாக ஞாபகம் வந்தது. வாழ்க்கையில் முதல் முறையாக வாயை மூடிக்கொண்டு நடந்தேன்.

பஸ்ஸில் நைனா ஒன்றும் பேசவில்லை. அது வழக்கம்தான். ஆனால் "ம்" கூட வரவில்லை. என்னைப் பற்றி ஊர் ஊராகப் பெருமை பேசிய மனிதர் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தார். பழவேற்காட்டில் இறங்கியபோது என் தோளில் கை வைத்து, "பசிக்குதா?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

வீட்டில் அம்மா அழுத அழுகையை விவரிக்க வேண்டாம். அக்கா அழவில்லை. என்னை எதிரில் உட்காரவைத்து, யார் என்ன சொன்னார்கள், நான் என்ன சொன்னேன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். மொட்டைத்தலையும் முழங்காலும் வந்த இடத்தில் அவள் உதடு துடித்தது. கோபமா சிரிப்பா என்று தெரியவில்லை.

"அவரு எதுனா சொன்னாரா?"

"மாமா அழுதாருக்கா. துண்டுல மூஞ்சிய மூடிக்கினு."

அக்கா என் தலையில் ஒரு குட்டு வைத்தாள். "அது அழுவ இல்லடா, பேமானி" என்றாள்.

மறுநாள் காலையில் அவள் மீஞ்சூர் போகவில்லை. நல்ல எறாவாகப் பொறுக்கிக் கூடையில் வைத்துத் தலையில் ஏற்றிக்கொண்டாள். "வா புதுவாயலுக்கு" என்றாள். கல்யாணம் பேசின பெண் மாப்பிள்ளை வீட்டுக்குத் தானாகப் போவதா என்று அம்மா வாசலை மறித்தாள். நைனா அம்மாவின் கையைப் பிடித்து விலக்கி, "போவட்டும்" என்றார். அவருடைய அகராதியில் அது பெரிய சொற்பொழிவு.

பஸ்ஸில் அக்கா சொன்னாள்: "பழமொழி ஒண்ணும் தப்பில்லடா. அத்த மொதல்ல சொன்னவன் எவனோ, எதிர்ல ஒருத்தன் மூஞ்சியப் பாத்து, அவனுக்குத் தோதா சொல்லிக்கீறான். நீ புஸ்தகத்தப் பாத்து சொல்ற. அங்க வந்து வாயத் தொறந்த, உரிக்காத எறாவ உள்ள திணிப்பேன்."

புதுவாயலில் இறங்கினால், நான் கண்ட காட்சியை என்னால் நம்ப முடியவில்லை. நடுவில் கிடந்த பெஞ்சில் அண்ணனும் தம்பியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து நாஷ்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் இருவர் கையும் நடுவழியில் நின்றது.

அக்கா கூடையை இறக்கினாள். வைக்க இடம் தேடவில்லை. இருவருக்கும் நடுவே பெஞ்சிலேயே வைத்தாள்.

"நான் மன்னிப்பு கேக்க வரல மாமா. அவன் பேசுனது தப்பு, அத்த அவனே கேப்பான். நான் கேக்க வந்தது வேற. உங்க புள்ளய எனக்குப் புடிச்சிக்கீது, அவருக்கும் என்னப் புடிச்சிக்கீது. என் தம்பி வாயிக்காவ எங்க ரெண்டு பேரயும் பிரிப்பீங்களா, மாட்டீங்களா? மூஞ்சிக்கு நேரா சொல்லிடுங்க. நான் எறாவ வித்துட்டுப் போவணும்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முனிரத்தினம், "கன்னியப்பா, இன்னாடா சொல்ற?" என்றார். அதற்குள் செல்லம்மா உள்ளேயிருந்து ஓடிவந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இதுங்க இன்னா சொல்றது? நான் சொல்றேன்! ரெண்டும் நேரா பேசிக்கினு எத்தினி வருசமாச்சி தெரியுமாம்மா? நேத்து 'அண்ணே'ன்னு கொழுந்தன் வாயால கேட்டதும் எனக்குக் கையில இருந்த டம்ளரே நழுவிடுச்சி. உன் தம்பி போன பெறவு ரெண்டும் ஒக்காந்து அவனத் திட்டிச்சிங்க. அப்பால உங்க குப்பத்தயே திட்டிச்சிங்க. அப்பால ஏரியில படகு உட்ட கதையெல்லாம் பேசிச்சிங்க. பொழுது போயும் எழுந்திரிக்கல. இனிமே நான் நடுவுல நின்னு பேஜார் பட வாணாம்!"

கன்னியப்பன் துண்டைத் தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டு என்னை முறைத்தார். "கல்யாணத்துல இவன் பேசக் கூடாது" என்றார்.

"பந்தியில கூட" என்றார் அண்ணன்.

"சரி மாமா" என்றாள் அக்கா. "எனக்கும் ஒண்ணு கீது. கல்யாணம் ஆனாலும் எறா வியாபாரத்த நான் உட மாட்டேன்."

அப்போது சைக்கிள் கடைக்குள்ளிருந்து ஜெயபாலின் குரல் வந்தது. இரவு ஷிப்ட் முடித்துவிட்டு வந்து, இத்தனை நேரம் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். "எங்க கம்பெனி ஆளுங்களே அத்தினி எறாவும் வாங்கிப்பாங்க!"

நான் இரண்டு பெரியவர்கள் முன்னாலும் கைகூப்பி நின்றேன். "தப்புதான் மாமா" என்றேன். அவ்வளவுதான். ஒரு பழமொழியும் சேர்க்கவில்லை. அக்கா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையைப் போல ஒரு பரிசு நான் எந்தப் பேச்சுப் போட்டியிலும் வாங்கியதில்லை.

தையிலேயே கல்யாணம் நடந்தது. கூரை எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. நான் தாம்பூலப் பை கொடுக்கிற இடத்தில் உதட்டை மடித்துக்கொண்டு நின்றேன்; எனக்கு வாய்ப்புண்ணா என்று பல பேர் விசாரித்தார்கள். அந்தப் பெஞ்சு மறு வாரத்திலிருந்து அக்காவின் எறாக் கடையாகிவிட்டது. ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் வரிசையில் நின்று வாங்கிப் போனார்கள். பிறகு பல கம்பெனி கேன்டீன்களுக்கு அவளே மீன் அனுப்பினாள். அந்த ஜி.என்.டி. நெடுஞ்சாலையில் லாரிக்காரர்கள்கூட "பாக்கியம் கடை ஸ்டாப்பிங்" என்று சொல்லுவார்கள். வாய் ஜாஸ்தி என்று சொல்லிவிட்டுப் போன அந்த இரண்டு வீட்டாரும் அவளிடம்தான் மீன் வாங்கினார்கள். எடையில் அவள் ஒரு குறையும் வைத்ததில்லை.

ஆனால் எங்கள் குடும்பத்தில் எனக்கென்று ஒரு பதவி நிலைத்துவிட்டது. எந்த வீட்டில் அண்ணன் தம்பி பேசிக்கொள்ளவில்லை என்றாலும், மாமியார் மருமகள் முகம் பார்க்கவில்லை என்றாலும், "ஏகாம்பரத்தக் கூப்டு, ரெண்டு பேரையும் சேத்து ஒண்ணு சொல்லட்டும். சேந்து அடிக்க வருவாங்க, அப்பால சரியாப்பூடும்" என்பார்கள். சிரிப்பதற்காகத்தான் சொல்கிறார்கள் என்று நீங்கள் நினைக்கலாம். மூன்று வீட்டில் பலித்திருக்கிறது.

அக்கா மகளுக்குச் சம்பந்தம் பேசப் போனபோது நானும் போயிருந்தேன். மாப்பிள்ளையின் இரண்டு மாமன்களும் ஆளுக்கொரு மூலையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு, சாப்பாடு எந்த வீட்டார் பொறுப்பு என்று முடிவு சொல்லாமல் மல்லுக்கு நின்றார்கள். வெயில் ஏறிக்கொண்டே போனது. ஜெயபால் மாமா வெளியே எட்டிப் பார்த்து, ஓட நேர்ந்தால் மாட்டிக்கொள்ள எங்கள் செருப்பெல்லாம் தோதாக இருக்கிறதா என்று சரிபார்த்துக்கொண்டார். அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு என் பக்கம் சாய்ந்தாள்.

"டேய் ஏகா, ஒண்ணு எடுத்து உடு."

நான் எதிரில் இருந்தவர்களை நிதானமாக, ஒவ்வொருவராகப் பார்த்தேன். ஒரு மாமனுக்குக் காது மந்தம். இன்னொருவருக்குத் திக்குவாய்.

தொண்டையைக் கனைத்துக்கொண்டேன்.